விண்டோஸ் மெய்நிகர் கணினியை விர்ட்ஐஓ டிரைவர்களுக்கு மாற்றும்போது நீலத் திரை ஏன் வருகிறது, எந்த வரிசையில் செய்தால் வராது?

கேள்வியின் சாரம் இது. விஎம்வேரின் மெய்நிகராக்க மென்பொருளான இஎஸ்எக்ஸ்ஐ ஹோஸ்டில் (மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் உண்மையான கணினியில்) ஓடிக்கொண்டிருந்த விண்டோஸ் சர்வர் 2019 மெய்நிகர் கணினி ஒன்று, அதே வேலையைச் செய்யும் ப்ராக்ஸ்மாக்ஸுக்கு மாற்றப்பட்டிருக்கிறது. லினக்ஸ் மெய்நிகர் கணினிகளும் இருக்கின்றன. வட்டை சாட்டா என்ற வழக்கமான இணைப்பு வகையில் இணைத்தால் இயங்குகிறது. ஆனால் தரவுத்தளத்தைக் காப்புப் பிரதி எடுக்கும் நேரத்தில் எல்லாமே தவழ்கிறது. நெட்வொர்க் அட்டையும் இன்டெல் இ1000தான். மெய்நிகர் கணினிகளுக்கென்றே வடிவமைத்த விர்ட்ஐஓ சாதனங்களுக்கு மாறினால் வேகம் கூடும் என்று கேள்விப்பட்டு, விர்ட்ஐஓ டிரைவர் தொகுப்பு முழுவதையும் நிறுவி, மறுதுவக்கமும் செய்த பிறகே வட்டின் வகையை மாற்றியிருக்கிறார்கள். அப்படியும் "இன்ஆக்சசிபிள் பூட் டிவைஸ்" (துவக்க வட்டை அணுக முடியவில்லை) என்று நீலத் திரை வருகிறது. டிரைவர் உள்ளே இருந்தும் விண்டோஸுக்கு அது ஏன் கிடைக்கவில்லை என்பதுதான் கேட்கப்பட்டிருப்பது.

டிரைவரின் கோப்புகள் விண்டோஸில் இருப்பது ஒன்று. துவங்கும் முதல் நொடிகளிலேயே அந்த டிரைவரை ஏற்ற வேண்டும் என்று விண்டோஸ் தன் பதிவேட்டில் குறித்து வைத்திருப்பது வேறொன்று. நிறுவி முதல் வேலையை முடித்துவிடுகிறது. இரண்டாவது வேலை, அந்த டிரைவருக்குரிய வன்பொருளை விண்டோஸ் ஒருமுறையாவது கண்ணால் பார்த்தால்தான் உறுதியாக நடக்கிறது. உங்கள் விண்டோஸ் விர்ட்ஐஓ கன்ட்ரோலர் எதையும் இதுவரை பார்த்ததே இல்லை. அதைப் பார்க்க வைக்கும் வழி எளிதுதான்; ஆனால் அதற்கு முன் இந்த டிரைவர்கள் எதற்காக இருக்கின்றன என்பதைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பின்னால் எந்தத் தெரிவைத் தேர்ந்தெடுப்பது என்ற குழப்பம் பெரும்பாலும் அங்கிருந்துதான் பிறக்கிறது.

இ1000 என்று நீங்கள் தேர்ந்தெடுக்கும் அட்டை, இன்டெல் உண்மையாகவே தயாரித்து விற்ற ஒரு கிகாபிட் அட்டையின் நகல். ப்ராக்ஸ்மாக்ஸுக்குள் மெய்நிகர் வன்பொருளை உருவாக்கும் மென்பொருளான கியூஎமு, அந்த அட்டையின் ரெஜிஸ்டர்கள் (கட்டுப்பாட்டு இடங்கள்) ஒவ்வொன்றையும் மென்பொருளால் நடித்துக் காட்டுகிறது. கெஸ்டிலுள்ள, அதாவது மெய்நிகர் கணினிக்குள் இருக்கும் டிரைவரோ தான் ஓர் உண்மையான அட்டையோடு பேசுவதாகவே நம்பி, ரெஜிஸ்டர்களில் எழுதிக்கொண்டும் படித்துக்கொண்டும் இருக்கிறது. அப்படித் தொடும் ஒவ்வொரு முறையும் சிபியு கெஸ்டிலிருந்து வெளியேறி, ஹோஸ்டில் கியூஎமுவிடம் வந்து, அது பதில் சொன்ன பிறகு திரும்பிப் போக வேண்டும். வட்டிலும் நெட்வொர்க்கிலும் நாம் காணும் மந்தத்திற்கும், ஹோஸ்டின் சிபியு காரணமில்லாமல் ஏறிக் கிடப்பதற்கும் இந்த இடையறாத வெளியேற்றங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.

விர்ட்ஐஓ இந்த நாடகத்தையே கைவிடுகிறது. கெஸ்டுக்குத் தான் மெய்நிகர் சூழலில் இருப்பது தெரியும் என்பதே அதன் தொடக்கப்புள்ளி. கெஸ்டும் ஹோஸ்டும் பொதுவாக அணுகும் நினைவகத்தில் வளைய வடிவ வரிசை ஒன்றை வைத்துக்கொண்டு, செய்ய வேண்டிய வேலைகளை கெஸ்ட் அதில் அடுக்கிவிட்டு ஒரே ஒரு தட்டு தட்டுகிறது. ஹோஸ்ட் அவற்றை எடுத்து முடித்து, முடிந்தவற்றை இன்னொரு வரிசையில் குறித்துவிட்டு ஒரு குறுக்கீட்டை அனுப்புகிறது. மளிகைக் கடையில் ஒவ்வொரு பொருளாகக் கேட்டு வாங்குவதற்கும் சீட்டெழுதிக் கொடுத்து மொத்தமாக வாங்கிக்கொள்வதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. ஹோஸ்ட் ஏற்கெனவே வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அந்தத் தட்டுகூடத் தேவையில்லை என்று சொல்லிவிடும் வசதியும் உண்டு. சுமை கூடக்கூட வெளியேற்றங்களின் விகிதம் குறைவதற்கு அதுவும் ஒரு காரணம்.

இந்த ஏற்பாட்டை ரஸ்டி ரஸ்ஸல் வடிவமைத்தார்; 2008 ஜனவரியில் வெளிவந்த லினக்ஸ் 2.6.24 கர்னலிலேயே அது இடம்பெற்றது. ஸென் என்ற ஹைப்பர்வைசர் (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) அதற்கு முன்பே தனக்கென முன்பாதி, பின்பாதி என்று பிரித்த டிரைவர்களை வைத்திருந்தது, விஎம்வேருக்கு விஎம்எக்ஸ்நெட்3, பிவிஸ்கஸி, ஹைப்பர்-விக்கு விஎம்பஸ். எல்லாம் ஒரே எண்ணத்தின் வெவ்வேறு உருவங்கள்தாம். விர்ட்ஐஓவின் தனிச் சிறப்பு, அது ஒரு ஹைப்பர்வைசருக்கு மட்டும் உரியதாக நிற்காமல் ஓயாசிஸ் என்ற தரநிலை அமைப்பின் பொதுத் தரநிலையாகவும் ஆனது. லினக்ஸ் கெஸ்டுகளுக்கு டிரைவர் கர்னலோடேயே வந்துவிடுகிறது. மைக்ரோசாஃப்ட் மட்டும் தன் நிறுவல் வட்டில் அவற்றைச் சேர்ப்பதில்லை. இவ்வளவு நீண்ட பதில் தேவைப்படுவதே அதனால்தான்.

இனி நீலத் திரைக்கு வருவோம். கணினி துவங்கும்போது முதலில் பயாஸோ யுஇஎஃப்ஐயோ என்ற துவக்க ஃபர்ம்வேர்தான் வட்டைப் படிக்கிறது. அதற்கு விர்ட்ஐஓவைப் படிக்கத் தெரியும். விண்டோஸின் துவக்க நிரலும் தனக்கென வட்டு டிரைவர் வைத்துக்கொள்ளாமல் அந்த ஃபர்ம்வேரின் தயவிலேயே கர்னலையும், "துவக்கத்தில் ஏற்றுக" என்று குறிக்கப்பட்ட டிரைவர்களையும் நினைவகத்திற்குக் கொண்டுவருகிறது. விண்டோஸ் சின்னம் தோன்றுவது இந்தக் கட்டத்தில்தான். அதன்பின் கர்னல் கட்டுப்பாட்டை எடுத்துக்கொண்டதும் வட்டைத் தானே படிக்க வேண்டும். கையில் அதற்கான டிரைவர் இல்லையென்றால் தான் எந்த வட்டிலிருந்து வந்ததோ அந்த வட்டையே அதனால் தொட முடியாது. ஆகவே நீலத் திரை வந்திருப்பது ஒரு வகையில் நல்ல சேதிதான்: வட்டு சிதையவில்லை, பகிர்வுகள் சரியாக இருக்கின்றன, ஃபர்ம்வேர் வகையும் பொருந்துகிறது, குறைவது ஒரு டிரைவர் மட்டுமே. துவக்கத்தக்க சாதனம் இல்லை என்று கறுப்புத் திரை வந்திருந்தால் அது வேறு நோய். பழைய ஹோஸ்டில் யுஇஎஃப்ஐயில் இருந்ததைப் புதிய இடத்தில் பயாஸ் என்று வைத்துவிட்டோமா, துவக்க வரிசையில் வட்டு டிக் செய்யப்பட்டிருக்கிறதா என்று அங்கே பார்க்க வேண்டும்.

விண்டோஸ் பதிவேட்டில் ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு சேவைப் பதிவு உண்டு. அதில் "ஸ்டார்ட்" என்ற மதிப்பு 0 என இருந்தால்தான் அது துவக்க நிரலால் ஏற்றப்படும். இத்துடன், துவக்கத்திற்கென்று குறிக்கப்பட்டிருந்தாலும் தற்போதைய வன்பொருளுக்குத் தேவைப்படாத வட்டு டிரைவர்களை, அந்த ஸ்டார்ட் மதிப்பையும் மீறி ஒதுக்கி வைக்கும் மேல்-மதிப்பு ஒன்றும் அண்மைய விண்டோஸ் பதிப்புகளில் இருக்கிறது. துவக்க நேரத்தைக் குறைப்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. வட்டின் கன்ட்ரோலரை மாற்றும் நமக்கு மட்டும் தொல்லையாக முடிகிறது.

செய்ய வேண்டியதைத் தொடங்கும் முன் இரண்டு செய்திகள். ஒன்று, கெஸ்டை நிறுத்திய நிலையில் ஒரு காப்புப் பிரதி அல்லது ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றொன்று, விண்டோஸின் வட்டுக் குறியாக்கமான பிட்லாக்கர் இயங்கிக்கொண்டிருந்தால் அதை இடைநிறுத்தி, மீட்புச் சாவியைக் கெஸ்டுக்கு வெளியே ஓரிடத்தில் எழுதி வையுங்கள். வன்பொருள் மாறியதும் அது சாவி கேட்க வாய்ப்பு அதிகம்.

வட்டைப் பழையபடி சாட்டாவுக்கே திருப்பி, கெஸ்டைத் துவக்குங்கள். ஃபெடோரா திட்டம் வெளியிடும் "விர்ட்ஐஓ-வின்" (virtio-win) என்ற ஐஎஸ்ஓ வட்டு உருவத்தை ஒரு சிடி டிரைவாக இணைத்து, அதன் வேர் அடைவில் இருக்கும் 64 பிட் எம்எஸ்ஐ நிறுவியை ஓட்டுங்கள். இதை நீங்கள் ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்பதால் மீண்டும் செய்யத் தேவையில்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணங்கள் எவையும் இல்லை என்று மட்டும் பாருங்கள். ஐஎஸ்ஓவில் "ஸ்டேபிள்" என்றும் "லேட்டஸ்ட்" என்றும் இரண்டு வரிசைகள் கிடைக்கும். வேலை செய்யும் சர்வருக்கு முதலாவதையே எடுப்பது என் வழக்கம்.

அடுத்து, கெஸ்டை முழுவதுமாக நிறுத்துங்கள். ப்ராக்ஸ்மாக்ஸின் ஹார்ட்வேர் பக்கத்தில் "ஸ்கஸி கன்ட்ரோலர்" என்ற வரியைக் கவனியுங்கள். பலர் இடறும் இடம் இதுதான். வட்டின் பஸ் (இணைப்பு வகை) ஸ்கஸி என்று வைத்துவிட்டாலே அது விர்ட்ஐஓ ஆகிவிடாது. அந்த ஸ்கஸி பஸ் எந்தக் கன்ட்ரோலரின் கீழ் தொங்குகிறது என்பதுதான் டிரைவரைத் தீர்மானிக்கிறது. கட்டளை வரியில் இறக்குமதி செய்த கெஸ்டுகளில் கன்ட்ரோலரைக் குறிப்பிடாமல் விட்டிருந்தால் அது எல்எஸ்ஐ 53சி895ஏ என்ற பழைய வகையாக இருக்கும். அதற்கு இன்றைய விண்டோஸில் டிரைவரே கிடையாது, விர்ட்ஐஓ டிரைவர் எத்தனை நிறுவினாலும் பயனில்லை. அதை "விர்ட்ஐஓ ஸ்கஸி சிங்கிள்" என்று மாற்றுங்கள்.

பிறகு ஒரு கிகாபைட் அளவில் புதிய வெற்று வட்டு ஒன்றை ஸ்கஸி பஸ்ஸில் சேருங்கள். விண்டோஸ் இருக்கும் வட்டைத் தொட வேண்டாம். அது சாட்டாவிலேயே இருக்கட்டும். இப்போது கெஸ்டைத் துவக்கினால் விண்டோஸ் வழக்கம்போல் சாட்டா வட்டிலிருந்து எழுந்து, புதிய கன்ட்ரோலரைக் கண்டு, ஏற்கெனவே கிடப்பில் இருக்கும் டிரைவரை அதனுடன் பிணைக்கும். டிவைஸ் மேனேஜரில் "ஸ்டோரேஜ் கன்ட்ரோலர்ஸ்" பகுதியைத் திறந்தால் ரெட் ஹாட் பெயரில் விர்ட்ஐஓ ஸ்கஸி கன்ட்ரோலர் ஒன்று தெரிய வேண்டும். டிஸ்க் மேனேஜ்மென்டில் ஒரு கிகாபைட் வட்டு தெரிய வேண்டும். அந்த வட்டு "ஆஃப்லைன்" என்று காட்டினாலும் கவலையில்லை, அதை ஆரம்பித்து வடிவமைக்கவும் வேண்டியதில்லை. கன்ட்ரோலரும் வட்டும் கண்ணில் பட்டால் போதும். சேவைப் பதிவில் ஸ்டார்ட் மதிப்பு 0 ஆவதும், ஒதுக்கி வைக்கும் மேல்-மதிப்பு விலகுவதும் இந்தத் துவக்கத்தில்தான்.

அந்த வெற்று வட்டு, நாளை விண்டோஸ் வட்டு எந்த வகையில் அமரப்போகிறதோ அதே வகையில் இருக்க வேண்டும். ப்ராக்ஸ்மாக்ஸில் "விர்ட்ஐஓ பிளாக்" என்ற பஸ்ஸும் இருக்கிறது. அதற்குரிய டிரைவர் விஐஓஸ்டோர். விர்ட்ஐஓ ஸ்கஸிக்கு உரியது விஐஓஸ்கஸி. இரண்டும் இரு வேறு டிரைவர்கள். வெற்று வட்டை விர்ட்ஐஓ பிளாக்கில் சேர்த்துப் பார்த்துவிட்டு, விண்டோஸ் வட்டை ஸ்கஸிக்கு மாற்றினால் அதே நீலத் திரை மீண்டும் வரும். எல்லாம் சொன்னபடி செய்தும் விண்டோஸ் எழவில்லையே என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான்.

இனி உண்மையான மாற்றம். கெஸ்டை நிறுத்தி, வெற்று வட்டை நீக்குங்கள். விண்டோஸ் வட்டைத் தேர்ந்து "டிடாச்" கொடுத்தால் அது அழியாது, "அன்யூஸ்டு டிஸ்க்" என்று கீழே போய் நிற்கும். அதை இரட்டைச் சொடுக்கி, பஸ் ஸ்கஸி என்று வைத்து மீண்டும் இணைத்து, ஐஓ த்ரெட் (வட்டு வேலைக்குத் தனி இழை), டிஸ்கார்ட் இரண்டையும் தேர்ந்துகொள்ளுங்கள். பிறகு ஆப்ஷன்ஸ் பக்கத்தில் துவக்க வரிசைக்குப் போய், புதிய பெயரில் இருக்கும் வட்டை டிக் செய்து மேலே கொண்டுவாருங்கள். வட்டைக் கழற்றிய கணமே பழைய வரிசை செல்லாததாகிவிடுகிறது என்பதை மறந்து, "துவக்க வட்டே காணோம்" என்று பதறுவது இங்கே வாடிக்கை. இதன்பின் விண்டோஸ் எழுந்துவிடும். பிற வட்டுகளும் இருந்தால் அவற்றையும் இதேபோல் மாற்றுங்கள். சர்வர் பதிப்புகளில் அந்த இரண்டாம், மூன்றாம் வட்டுகள் ஆஃப்லைனாக வந்து நிற்கலாம். டிஸ்க் மேனேஜ்மென்டில் வலச்சொடுக்கி ஆன்லைன் ஆக்கினால் டிரைவ் எழுத்து உட்பட எல்லாம் திரும்பிவிடும். தரவுத்தளச் சேவை அந்த வட்டைத் தேடித் தோற்று நின்றிருக்கும் என்பதால் அதை ஒருமுறை கையால் துவக்க வேண்டியிருக்கும்.

சாட்டாவுக்குத் திரும்பவே வழியில்லாமல் போய்விட்ட கெஸ்டுகளுக்கு மீட்புச் சூழல் உதவும். விண்டோஸ் சர்வர் 2019 நிறுவல் ஐஎஸ்ஓவை ஒரு சிடியாகவும் விர்ட்ஐஓ ஐஎஸ்ஓவை இன்னொரு சிடியாகவும் இணைத்து, நிறுவல் வட்டிலிருந்து துவங்கி, பழுதுபார்க்கும் தெரிவின் வழியே கட்டளைத் திரைக்குப் போங்கள். அங்கே டிஆர்விலோட் கட்டளைக்கு விஐஓஸ்கஸி அடைவின் கீழ் 2கே19, அதன் கீழ் ஏஎம்டி64 என்ற பாதையிலுள்ள ஐஎன்எஃப் கோப்பைக் கொடுத்தால் மீட்புச் சூழலுக்கு வட்டு தெரியத் தொடங்கும். ஏஎம்டி64 என்ற பெயரைக் கண்டு இன்டெல் சிபியு வைத்திருப்பவர்கள் தயங்க வேண்டியதில்லை. 64 பிட் என்பதற்கு அதுவே பெயர். அடுத்து டிஸ்க்பார்ட்டில் பகிர்வுகளைப் பட்டியலிட்டு, விண்டோஸ் அடைவு எந்த எழுத்தில் இருக்கிறது என்று பாருங்கள். மீட்புச் சூழலில் அது பெரும்பாலும் சி ஆக இருக்காது. அந்த எழுத்தை இமேஜ் என்று கொடுத்து, டிஸ்ம் கட்டளையின் ஆட்-டிரைவர் தெரிவால் அதே ஐஎன்எஃப் கோப்பைச் சேர்த்துவிடுங்கள். டிஆர்விலோட் அந்த அமர்வுக்கு மட்டும்தான்; டிஸ்ம் செய்வதே வட்டிலுள்ள விண்டோஸில் நிலைக்கும். முன்னதை மட்டும் செய்துவிட்டு மறுதுவக்கம் செய்தால் ஒன்றும் மாறியிருக்காது.

டிரைவர் கோப்புகள் ஏற்கெனவே இருக்கும் நிலையில் சிலர் வேறொரு வழியையும் கையாள்கிறார்கள்: பிசிடிஎடிட் என்ற துவக்க அமைப்புக் கட்டளையால் அடுத்த துவக்கத்தைப் பாதுகாப்புப் பயன்முறைக்கு மாற்றி வைத்துவிட்டு வட்டை மாற்றுவது, எழுந்ததும் அந்தத் தெரிவை நீக்கி வழக்கமாகத் துவக்குவது. பல நேரம் வேலை செய்கிறது. வெற்று வட்டு முறையே என் பரிந்துரை. விண்டோஸ் எழுந்திருக்கும் நிலையிலேயே டிரைவர் பிணைந்ததைக் கண்ணால் பார்த்துவிட முடிகிறது, பாதுகாப்புப் பயன்முறையில் கடவுச்சொல் சிக்கலில் மாட்டிக்கொள்ளும் ஆபத்தும் இல்லை.

வட்டு முடிந்த பிறகே நெட்வொர்க்கைத் தொடுங்கள். இரண்டையும் ஒரே நிறுத்தத்தில் மாற்றினால், ஏதாவது பிசகும்போது எது காரணம் என்று பிரித்தறிவது கடினம். நெட்வொர்க் மாற்றத்தில் நீலத் திரை வராது, ஆனால் ஐபி முகவரி போய்விடும். இ1000க்குப் பதில் விர்ட்ஐஓ வைத்ததும் விண்டோஸ் அதைப் புத்தம் புதிய அட்டையாகவே பார்க்கிறது. பழைய நிலையான ஐபி, டிஎன்எஸ், கேட்வே எல்லாம் இல்லாமற்போன அட்டையின் பெயரில் பதிவேட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதே ஐபியைப் புதிய அட்டைக்குக் கொடுக்கும்போது, இம்முகவரி தற்போது கணினியில் இல்லாத வேறோர் அட்டைக்கு வழங்கப்பட்டுள்ளது என்று எச்சரிக்கை வருவது அதனால்தான். ஆகவே மாற்றும் முன் ஐபிகான்ஃபிக் வெளியீட்டை முழுமையாகச் சேமித்துக்கொள்ளுங்கள். மாற்றிய பின் டிவைஸ் மேனேஜரில் மறைந்த சாதனங்களைக் காட்டச் சொல்லி, மங்கலாகத் தெரியும் இ1000 அட்டையையும், விஎம்வேர் காலத்து விஎம்எக்ஸ்நெட்3 அட்டை மிச்சமிருந்தால் அதையும் நீக்கிவிட்டுப் புதிய அட்டைக்கு முகவரி கொடுங்கள்.

மேக் முகவரியை மட்டும் பழையதாகவே வைத்திருங்கள். ப்ராக்ஸ்மாக்ஸில் அட்டையின் மாடலை மட்டும் திருத்தினால் மேக் மாறாது. நீக்கிவிட்டுப் புதிதாகச் சேர்த்தால்தான் மாறும். டிஎச்சிபி ஒதுக்கீடுகளும், மேக் முகவரியோடு பிணைக்கப்பட்ட மென்பொருள் உரிமங்களும் அதை நம்பியிருக்கும். இன்னொரு பொறி ஃபயர்வாலில் இருக்கிறது: புதிய அட்டை வழியாக வரும் நெட்வொர்க்கை விண்டோஸ் "பப்ளிக்" என்று வகைப்படுத்திவிட்டால், பிங் கிடைக்காது, ரிமோட் டெஸ்க்டாப் திறக்காது, டிரைவர்தான் கெட்டுவிட்டது என்று தோன்றும். ப்ராக்ஸ்மாக்ஸின் கன்சோல் திரையைக் கையருகே வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்தால், உள்ளே போய் நெட்வொர்க் வகையைத் திருத்த ஒரு நிமிடம் போதும்.

புதிய அட்டை 10 கிகாபிட் என்று காட்டுவதைப் பார்த்து மகிழ்வதும் வேண்டாம், ஹோஸ்டில் 1 கிகாபிட் அட்டைதானே இருக்கிறது என்று குழம்புவதும் வேண்டாம். அது வெறும் பெயர்ப்பலகை. வெளியே போகும் வேகத்தை ஹோஸ்டின் அட்டைதான் தீர்மானிக்கிறது. ஒரே ஹோஸ்டிலுள்ள இரு கெஸ்டுகள் தமக்குள் பேசும்போது கம்பியே குறுக்கிடாது என்பதால் வேகம் சிபியுவைப் பொறுத்தது. பல கிளையன்டுகள் ஒரே நேரத்தில் தொடர்புகொள்ளும் சர்வராக இருந்து, ஒரு சிபியு கோர் மட்டும் நெட்வொர்க் வேலையில் நிரம்பி வழிவதைக் கண்டால், அட்டையின் "மல்டிகியூ" மதிப்பை கெஸ்டின் விசிபியு (மெய்நிகர் சிபியு) எண்ணிக்கை அளவுக்கு உயர்த்திப் பார்க்கலாம். சாதாரண அலுவலகச் சர்வருக்கு அது தேவைப்படுவதில்லை.

மீதமுள்ளவற்றில் கட்டாயம் வேண்டியது கெஸ்ட் ஏஜென்ட். ஐஎஸ்ஓவிலேயே அதன் நிறுவியும் இருக்கிறது. விர்ட்ஐஓ சீரியல் வழியாக அது ஹோஸ்டோடு பேசுவதால் ஹோஸ்ட் காப்புப் பிரதி எடுக்கும் கணத்தில் விண்டோஸின் விஎஸ்எஸ் என்ற நிழற்பிரதி வசதி மூலம் கோப்பு முறைமையை நொடிப்பொழுது உறையவைத்து, தரவுத்தளம் பாதி எழுதிய நிலையில் பிரதியாவதைத் தவிர்க்க முடிகிறது. ஆப்ஷன்ஸ் பக்கத்தில் அதை இயக்கிய பிறகு விண்டோஸுக்குள்ளிருந்து மறுதுவக்கம் செய்வது போதாது. கெஸ்டை முழுதாக நிறுத்தித் துவக்கினால்தான் அந்த சீரியல் சாதனம் உருவாகும்.

பலூன் டிரைவரைப் பற்றி எனக்கு அவ்வளவு உற்சாகம் இல்லை. ஹோஸ்டில் நினைவகம் தட்டுப்படும்போது கெஸ்டுக்குள் ஒரு பலூனை ஊதி, அங்கிருந்து நினைவகத்தைப் பிடுங்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. டிரைவரை நிறுவி வைப்பதில் தவறில்லை. நினைவகப் பயன்பாடு ஹோஸ்டுக்குச் சரியாகத் தெரிய அது உதவுகிறது. ஆனால் தரவுத்தளம் ஓடும் கெஸ்டுக்கு குறைந்தபட்ச நினைவகத்தையும் அதிகபட்சத்தையும் ஒரே எண்ணாக வைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருநாள் டாஸ்க் மேனேஜர் நினைவகம் நிரம்பிவிட்டது என்று காட்டும், எந்த நிரலும் அதைத் தின்பதாகத் தெரியாது; பலூனுக்குள் போன நினைவகம் எந்த நிரலின் கணக்கிலும் வராது.

வேகத்தைத் தேடிப் போகிறவர்கள் கைவைக்கும் இன்னொரு இடம் வட்டின் கேஷ் தெரிவு. "நோ கேஷ்" என்ற இயல்பு நிலையே பெரும்பாலான சேமிப்பகங்களுக்கு ஏற்றது. "ரைட்பேக் அன்சேஃப்" என்பதில் வேகம் பறக்கும். ஆனால் வட்டில் எழுதி உறுதிசெய் என்று கெஸ்ட் கேட்பதை அது பொருட்படுத்துவதே இல்லை, மின்சாரம் போனால் தரவுத்தளமும் போகும். சோதனைக் கெஸ்டுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். டிஸ்கார்டைத் தேர்ந்ததன் பயனையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: கெஸ்டில் அழித்த கோப்புகளின் இடம், தேவைப்படும்போது மட்டும் இடம் எடுக்கும் தின் முறையில் ஒதுக்கப்பட்ட சேமிப்பகத்திற்குத் திரும்பிச் சேர அது வழிசெய்கிறது.

விஎம்வேர் டூல்ஸை இஎஸ்எக்ஸ்ஐயில் இருக்கும்போதே நீக்கிவிட்டு மாற்றுவதுதான் முறை. இடம் மாறிய பிறகு நீக்கப் போனால், இது விஎம்வேர் மெய்நிகர் கணினி இல்லை என்று அதன் நிறுவி வேலை செய்ய மறுப்பதுண்டு. அடுத்த கெஸ்டை மாற்றும்போது நினைவில் கொள்ளுங்கள். மாற்ற வேண்டியவை பல இருந்தால் விர்ட்-வி2வி என்ற கருவியையும் பாருங்கள். அது வட்டு உருவத்தைத் திறந்து, விண்டோஸ் துவங்கும் முன்பே அதன் பதிவேட்டில் விர்ட்ஐஓ டிரைவரைப் பதித்துவிடுகிறது. மேலே கையால் செய்த டிரைவர் வேலையை அது தானாகவே முடித்துத் தருகிறது என்று கொள்ளலாம்.

லினக்ஸ் கெஸ்டுகளும் இருப்பதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். டிரைவர் கர்னலில் இருந்தாலும், ரெட் ஹாட் வழிவந்த விநியோகங்களில் துவக்க நினைவக உருவமான இனிட்ராம்எஃப்எஸ், அப்போதிருந்த வன்பொருளுக்குத் தேவையான மாட்யூல்களை மட்டும் வைத்துக் கட்டப்பட்டிருக்கும். இஎஸ்எக்ஸ்ஐயில் இருந்தபோது கட்டியதில் விர்ட்ஐஓ இல்லாமல் போகலாம். நீலத் திரைக்குப் பதில், அந்த உருவத்தைக் கட்டும் கருவியான டிராகட்டின் அவசரத் திரை வரும், நோய் ஒன்றுதான். மாற்றும் முன் டிராகட்டை ஹோஸ்ட்-ஒன்லி இல்லாமல் ஓட்டி உருவத்தைப் புதுப்பித்துவிட்டால் போதும். டெபியன், உபுண்டுவில் பெரும்பாலான மாட்யூல்களும் இயல்பாகவே சேர்க்கப்படுவதால் இந்தச் சிக்கல் அரிது. எந்த வட்டு எங்கே இணைய வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் வட்டுகள் யுயுஐடி என்ற மாறாத அடையாள எண்ணால் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்றும், நெட்வொர்க் கட்டமைப்புக் கோப்பில் பழைய இடைமுகப் பெயர் இருக்கிறதா என்றும் பாருங்கள். அட்டை மாறினால் அந்தப் பெயரும் மாறும். பிஎஃப்சென்ஸ் ஃபயர்வாலை விர்ட்ஐஓ அட்டையோடு கெஸ்டாக ஓட்டுபவர்கள், அதன் அமைப்புகளில், பிழைச் சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிடும் வேலையை அட்டையிடம் விடும் செக்சம் ஆஃப்லோடை முடக்கிவிட வேண்டும். இல்லையேல் பிங் ஒழுங்காகப் போகும், இணையப் பக்கங்கள் மட்டும் திறக்காது.

மாற்றம் முடிந்த பின் ஒரு வாரமாவது ஈவண்ட் வியூவரின் சிஸ்டம் பதிவில் விஐஓஸ்கஸி பெயரில் 129 என்ற எண்ணுடைய எச்சரிக்கை வருகிறதா என்று பார்த்துவாருங்கள். வட்டிலிருந்து குறித்த நேரத்தில் பதில் வராததால் விண்டோஸ் கன்ட்ரோலரை மீட்டமைத்தது என்பது அதன் பொருள். காப்புப் பிரதி ஓடும் இரவு நேரத்தில் மட்டும் வந்தால் ஹோஸ்டின் சேமிப்பகம் சுமை தாங்கவில்லை என்று கொள்ளலாம். சுமையே இல்லாத நேரத்திலும் வந்தால் டிரைவரின் பதிப்பைச் சந்தேகித்து, ஐஎஸ்ஓவின் வேறொரு நிலையான பதிப்பை நிறுவிப் பாருங்கள். அதற்காகவே, இப்போது நிறுவிய ஐஎஸ்ஓவின் பதிப்பு எண்ணைக் கெஸ்டின் குறிப்புப் பகுதியில் எழுதி வைத்து, அந்த ஐஎஸ்ஓவையும் அழிக்காமல் வைத்திருங்கள். நாட்கள் சில இப்படிக் கழிந்து, இரவுக் காப்புப் பிரதியும் தடையின்றி முடிந்தால், முதலில் எடுத்த ஸ்னாப்ஷாட்டை நீக்கிவிடலாம். நீண்ட நாள் விட்டுவைத்தால் சேமிப்பகத்தில் அது தின்னும் இடமும் வளர்ந்துகொண்டே போகும்.